விளம்பரமும் அந்தந்தக் காலத்துக் கருவிகளும்

சென்ற கார்த்திகை மாதத்தில் ஏற்காடு வட்டத்தைச் சேர்ந்த வெள்ளக்கடைப் பக்கத்திலே, காப்பித் தூளும் மிளகும் பொட்டலமிட்டு விற்கும் ஒரு சிறு சங்கத்தின் கணக்குகளைப் பரிசீலிக்கச் சென்றிருந்தோம். இருப்புப் பதிவேடு ஒழுங்காயிருந்தது; கையிருப்பு ரொக்கமும் சரியாயிருந்தது. ஆயின், செலவுச் சீட்டுகளைப் புரட்டி வருகையில், ‘விளம்பரச் செலவு’ என்னும் தலைப்பின்கீழ் ஒரு தொகை நம் கண்ணில் பட்டது. மலைப்பாதையின் இரண்டு வளைவுகளில் நிறுத்திய இரண்டு ஃபிளெக்ஸ் பலகைகளுக்காகக் கொடுத்த தொகை அது. அவ்வாண்டில் சங்கம் ஈட்டிய நிகர லாபத்தில் ஏறக்குறையப் பாதி அதற்கே போயிருந்தது. பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேறியிருந்தபடியால் சட்டப்படி குற்றமொன்றுமில்லை. எனினும், அங்கத்தினரின் பணம் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதும் நம் கடமையன்றோ? பலகைகளைக் காட்டும்படி செயலாளரைக் கேட்டோம்.

அவர் அழைத்துச் சென்றபோது மூடுபனி இறங்கியிருந்தது. முதற்பலகை அதன் அடியில் போய் நின்ற பிறகே தெரிந்தது. இரண்டாவது, ஐப்பசிக் காற்றில் ஓரம் கிழிந்து தொங்கிற்று. அது நின்ற இடமோ கொண்டை ஊசி வளைவு. சேலத்திலிருந்து ஏறும் பாதையில் இத்தகைய வளைவுகள் இருபது உண்டு. அவற்றில் திரும்புகிற வண்டியோட்டி பாதையைப் பார்ப்பாரா, பலகையைப் பார்ப்பாரா? உடன் வந்த முதிய அங்கத்தினர் ஒருவர், “ஐயா, தமுக்கு அடித்த காலத்தில் இவ்வளவு செலவும் இல்லை, கேட்காத காதும் இல்லை” என்றார். அனைவரும் சிரித்தனர். மலையிறங்கும்போது அவர் சொல்லையே நினைத்துக்கொண்டு வந்தோம். அவர் வேடிக்கையாகச் சொன்னதில் ஒரு பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. விளம்பரம் என்பது எக்காலத்தும் ஒரே கலையன்று. எந்தக் காலத்தில் எந்தக் கருவி இருந்ததோ, அந்தக் கருவி எதைச் சுமக்கவல்லதோ, அதற்கேற்பவே விளம்பரமும் அமைந்தது. நெசவாளரும் விளைவிப்போரும் தம் சரக்கைத் தாமே விற்கவேண்டியுள்ள இந்நாளில் இதனைச் சற்று விரிவாக அறிந்துகொள்வது நலம்.

முதலில் தமுக்கை எடுத்துக்கொள்வோம். இந்திர விழா தொடங்கப்போவதை யானையின் பிடரியில் முரசேற்றி நகர் முழுதும் அறிவித்த செய்தி மணிமேகலையில் வருகிறது. கடைத்தெருவில் இன்ன கடை இன்னதென்று காட்டக் கொடிகள் கட்டியிருந்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. எழுதப் படிக்கத் தெரிந்தவர் சிலரேயாயிருந்த உலகில் ஒலியும் நிறமுமே விளம்பரத்துக்குரிய கருவிகள். முரசொலி எட்டும் தூரம் சிறிது. ஒருமுறை ஒலித்தால் காற்றோடு போய்விடும். அப்போது ஊரில் இல்லாதவனுக்கு அது இல்லை. ஆகையால் செய்தி சுருக்கமாயிருக்க வேண்டும். நாள், இடம், பொருள் ஆகிய மூன்றுக்குமேல் அதில் இடமில்லை. சரக்கின் குணநலன்களை விரித்துரைக்க அது உதவாது. ‘இன்ன நாளில் இங்கே வாருங்கள்’ என்று கட்டளையிடுவதற்கே அது பொருந்தும். நம் ஊர்களில் ஏலத்துக்கும் வரிவசூலுக்கும் வெள்ள எச்சரிக்கைக்கும் அது நீடித்து நின்றதன் காரணம் இதுவே. மலைச் சிற்றூர்களில் ஒரு சரிவில் அடித்த தமுக்கு எதிர்ச்சரிவுக்குக் கேட்கும். ஆனால் சொல் கேளாது. எனவே ஊருக்கு ஊர் ஆள் நடந்தாக வேண்டும்.

அந்த ஆள் யார் என்பதையும் மறக்கலாகாது. தலைமுறை தலைமுறையாக ஒரே சமூகத்தாரின் தோளில் அத்தோற்கருவியை மாட்டி, ஊர் ஊராக நடக்கவிட்டோம். 2022 ஆகஸ்டில் தமிழக அரசின் தலைமைச் செயலாளர், இனித் தண்டோரா வேண்டா, ஒலிபெருக்கி பொருத்திய வண்டிகளைக் கொண்டே அறிவிப்புச் செய்யலாம் என்று மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். ஒலிபெருக்கி நம் நாட்டுக்கு வந்து எத்தனையோ பத்தாண்டுகள் கழிந்த பின்னர்! கருவி மாறியவுடன் வழக்கமும் தானே மாறிவிடும் என்று எண்ணுவோருக்கு இது நினைவிருக்கட்டும்.

அடுத்து வந்தது அச்சு. இந்தியர் தம் விருப்பப்படி அச்சகம் வைத்து நடத்துவதற்கு இருந்த தடைகள் 1835இல் நீங்கின. ஈய எழுத்தைக் கோத்து அச்சிடும் அம்முறையில் சொற்களை அச்சிடுவது எளிது. படத்தை அச்சிடுவது கடினம். மரக்கட்டையில் செதுக்கியோ உலோகத்தில் அரித்தோ ஓர் அச்சுக்கட்டை செய்தாலன்றிப் படம் வாராது. அதற்குக் காசு அதிகம். ஆகவே பழைய பத்திரிகை விளம்பரங்கள் சொல்மாரி பொழிந்தன. ஒரு லேகியத்தைப் பற்றி ஒரு பத்தி, அதனால் குணமடைந்தோர் கடிதங்கள் ஒரு பத்தி, போலிகளைப் பற்றிய எச்சரிக்கை ஒரு பத்தி என்று அவை நீளும். இதனைப் பழங்காலத்தாரின் வாய்நீளம் என்று எள்ளுவது தவறு. எழுத்துக்கோப்பவனின் கையில் என்ன இருந்ததோ அதைக் கொண்டே விளம்பரம் செய்தார்கள்.

அச்சு மட்டும் போதாது என்பதை ஈண்டு வற்புறுத்த விரும்புகிறோம். ‘விளம்புதல்’ என்றால் சொல்லுதல். தமிழகத்தின் தென்கோடியில் இலையில் சோறு பரிமாறுவதையும் ‘விளம்புதல்’ என்பர். இரண்டும் சேர்ந்தால்தான் வியாபாரம். சென்னையில் அச்சான விளம்பரத்தைத் திருநெல்வேலியில் படித்தவன் எவ்வாறு சரக்கைப் பெறுவது? 1850களிலும் 1860களிலும் ரயில் பாதை விரிந்தது. 1877இல் தபால் இலாகா வி.பி.பி. முறையைத் தொடங்கிற்று. பணத்தை முன்னதாக அனுப்பவேண்டியதில்லை. கட்டு வீடு வந்து சேர்ந்ததும் தபால்காரரிடம் கொடுத்தால் போதும். முகமறியாத வியாபாரியை நம்பலாமா என்ற அச்சம் இதனால் பாதி நீங்கிற்று. அதன் பின்னரே தைலமும் கடிகாரமும் புத்தகமும் நாடெங்கும் தபாலில் பறந்தன. தபாலில் சரக்கு விற்றும், பத்திரிகைகளுக்கு விளம்பரம் திரட்டியும் தொழில் கற்ற இளைஞர் ஒருவர் 1928இல் நலிந்திருந்த ஒரு பத்திரிகையை வாங்கினார். அவர் எஸ்.எஸ். வாசன், பத்திரிகை, ஆனந்த விகடன். இருபதாண்டுகள் கழித்து, 1948இல், அவரே ‘சந்திரலேகா’ திரைப்படத்தை நாடு முழுவதும் விளம்பரப்படுத்திக் காட்டிய பெருமுயற்சிக்கு அடிப்படை அந்தத் தபால் வியாபாரப் பயிற்சியே என்று சொல்லலாம்.

சொல்லாலும் தபாலாலும் ஆகாத ஒன்று உண்டு; அது சரக்கையே காட்டுவது. காசிநாதுனி நாகேசுவரராவ் பந்துலு 1893இல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சனம், 1914இல் சென்னைக்கு வந்தது. தலைவலித் தைலத்தின் குணத்தை எவ்வளவு எழுதினாலும் படிக்கிறவன் நெற்றியில் குளிர்ச்சி ஏறாது. ஆகவே சங்கீதக் கச்சேரிகளில் அதனை இலவசமாக வழங்கினார்கள். நெடுநேரம் கச்சேரி கேட்கும் கூட்டத்தைவிடப் பொருத்தமான இடம் வேறெங்கே கிடைக்கும்? இந்த உபாயத்தைக் காப்பி விளைவிக்கும் நம் அங்கத்தினர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். மணத்தைச் சொல்லாலும் படத்தாலும் சுமந்து செல்ல இயலாது.

நெசவாளர்க்கு மிக நெருங்கிய கதை ஒன்றை இனிச் சொல்வோம். கல்லில் எண்ணெய் மையால் வரைந்து அச்சிடும் கல்லச்சு முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் வளர்ந்து, பல வண்ணங்களில் படம் அச்சிடும் ஆற்றலைப் பெற்றது. அதனை நம் சந்தையில் பயன்படுத்தியவர்கள் யார்? மான்செஸ்டர் துணி வியாபாரிகள். இந்தியாவுக்கு அனுப்பிய ஒவ்வொரு துணிக்கட்டின்மேலும் பளபளக்கும் வண்ணச்சீட்டு ஒன்றை ஒட்டினார்கள். தெய்வங்கள், யானை, புலி, மயில், அரசர், அழகிய மங்கையர் என்று அச்சீட்டுகளில் இல்லாத உருவமில்லை. ஆங்கிலமோ தமிழோ படிக்கத் தெரியாத குடியானவனும் ‘யானைச் சீட்டுத் துணி கொடு’ என்று கேட்கலாம் அல்லவா? இச்சீட்டு வழக்குகள் பெருகியபடியால், 1875இல் இங்கிலாந்தில் வணிகக்குறிகளைப் பதிவு செய்யும் சட்டம் வந்தபோது துணிக்குறிகளுக்கென மான்செஸ்டரிலேயே தனி ஏற்பாடு செய்ய நேர்ந்தது. நம் நாட்டில் வணிகக்குறிச் சட்டம் 1940இல்தான் இயற்றப்பட்டது.

சிந்தித்துப் பாருங்கள். நம் தறிகளை நசுக்கிய விலைக்குறைவைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அந்த ஆலைத்துணி ஓர் உருவத்தோடும் பெயரோடும் வந்தது. நம் கைத்தறித் துணியோ நெய்தவன் பெயருமின்றி, ஊர்ப்பெயருமின்றி, தரகனின் தோளில் மூட்டையாகப் போயிற்று என்பதை அதிகம் பேசியதில்லை. சேலம் குகையிலும் அம்மாப்பேட்டையிலும் நெய்த வேட்டி எவ்வளவு உயர்ந்ததாயினும், வாங்கியவன் மறுமுறை கேட்பதற்கு அதற்கொரு பெயர் வேண்டாமா?

இந்தக் குறையைத் தீர்க்க வந்தவையே கூட்டுறவு ஸ்தாபனங்கள். 1935இல் பதிவான மாநிலக் கைத்தறி நெசவாளர் சங்கம் பிற்காலத்தில் கோ-ஆப்டெக்ஸ் என்ற பெயரும் வண்ணத்துப்பூச்சிச் சின்னமும் பெற்றது. 2010களில் அந்நிறுவனம் சேலைகளோடு நெய்தவரின் படமும் பெயரும் பொறித்த அட்டையை இணைத்தது. எண்முறை ஒளிப்படமும் மலிவான வண்ண அச்சும் வந்திராவிடில், ஒவ்வொரு சேலைக்கும் தனித்தனி முகம் அச்சிடுவது கனவிலும் இயலாது. கல்லச்சுக் காலத்தில் ஒரே யானையை ஆயிரம் முறை அச்சிடுவதுதான் மலிவு. இன்றோ ஆயிரம் முகங்களை ஒவ்வொரு முறை அச்சிடுவதும் மலிவு. இந்த மாற்றம் கைத்தொழிலுக்கே அனுகூலமானது. ஏனெனில் ஆலைத்துணிக்குக் காட்டுவதற்கு முகமில்லை.

கல்லச்சு நம்மவர் கைக்கு வந்ததையும் சொல்லவேண்டும். 1894இல் ரவிவர்மா பம்பாயில் ஓர் அச்சகம் நிறுவினார். ஜெர்மானிய நிபுணரின் உதவியோடு அவருடைய தெய்வப்படங்கள் அங்கே வண்ணத்தில் அச்சாகி வீடுதோறும் சென்றன. 1923இல் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். தீப்பெட்டிக்கு மேலொட்டி வேண்டும். மேலொட்டிக்கு அச்சகம் வேண்டும். இவ்வாறு தீப்பெட்டியின் வாலைப் பிடித்து வளர்ந்த அச்சுத்தொழில் நாட்காட்டியில் சென்று முடிந்தது. நாட்காட்டியைப்போல் சாமர்த்தியமான விளம்பரம் வேறில்லை என்பது நம் துணிபு. பத்திரிகை ஒருநாளில் மடிக்கப்படும். நாட்காட்டியோ கடைக்காரர் பெயரைத் தாங்கி, பூசையறைச் சுவரில் ஆண்டு முழுதும் தொங்கும். முருகன் படத்தைக் கிழித்தெறிய எவருக்கு மனம் வரும்?

இனித் திரையும் வானொலியும். இதில் ஏற்காட்டு மலையடிவாரத்தார்க்குத் தனிப்பெருமை உண்டு. சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. அதன் முகப்பு வளைவை இன்றும் காணலாம். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் வெளிவந்தது அந்த நிறுவனத்திலிருந்தே. படம் பார்க்க வந்த கூட்டம் இருட்டில் ஒரே திசையை நோக்கி அமர்ந்திருக்கிறது. எழுந்து போகவும் இயலாது. விளம்பரக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இடைவேளையில் கண்ணாடிச் சில்லில் கையால் எழுதிய ‘ஸ்லைடு’ திரையில் விழும். சைக்கிள் கடைக்காரரும் பற்பொடிக்காரரும் அதற்குச் சிறுதொகை கொடுத்தனர். ஆயிரம் பேருக்கு அச்சடிக்கும் செலவில்லை. ஒரு கண்ணாடித்துண்டு போதும். உள்ளூர்ச் சிறுவியாபாரிக்கு ஏற்ற விளம்பரம் அது. கொட்டகைக்கு வெளியேயோ, மாட்டுவண்டியில் இரு பக்கமும் சுவரொட்டிப் பலகை சாத்தி, மேளம் கொட்டி, சிறுவர்கள் துரத்தத் துண்டுப் பிரசுரம் வீசிச் சென்றனர். முரசும் அச்சும் சக்கரமும் ஒருங்கே ஏறிய வண்டி அது.

வானொலியின் கதையில் ஓர் அரசியலும் பௌதிகமும் கலந்துள்ளன. அகில இந்திய வானொலி பல்லாண்டு விளம்பரம் ஏற்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் நேசநாட்டுப் படையினர் இலங்கையில் நிறுவிய 100 கிலோவாட் ஒலிபரப்பி, போருக்குப்பின் அந்நாட்டு வானொலியின் கைக்கு வந்தது. 1950இல் இலங்கை வானொலி வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கிற்று. அதே காலத்தில், 1952 முதல், மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களைப் பெரிதும் குறைத்தார். பாட்டைத் தேடி நேயர் இலங்கைக்குத் திரும்பினர். நேயரைத் தேடி விளம்பரதாரரும் அங்கே சென்றனர். இங்கே செய்த பற்பசையை இங்கேயே விற்பதற்குக் கடல்கடந்து போய் விளம்பரம் செய்த விந்தை இது. 1957இல் விவித பாரதி தோன்றி, 1967 நவம்பரில் விளம்பரமும் ஏற்கத் தொடங்கிய பின்னரே அந்நிலை மாறிற்று.

பௌதிகம் யாதெனில், சிற்றலை ஒலிபரப்பு வான்மண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வருவது. மலைகள் அதற்குத் தடையல்ல. ஆகையால் பள்ளத்தாக்குச் சிற்றூரிலும் இலங்கைப் பாட்டுக் கேட்டது. மின்சாரம் வராத வீடுகளில் வால்வு வானொலி எளிதில் பயன்படாது. 1960களில் மின்கலத்தால் இயங்கும் டிரான்சிஸ்டர் பரவியபின் காப்பிக்காட்டு வேலையிடத்துக்கே வானொலி போயிற்று. மாறாக, பண்பலையும் தொலைக்காட்சி அலையும் நேர்கோட்டில் செல்பவை. குறுக்கே ஒரு முகடு நின்றால் அப்பால் எட்டுவதில்லை. சென்னையில் 1975இல் தொலைக்காட்சி வந்தது, 1976 முதல் அதில் விளம்பரமும் வந்தது என்பவை வரலாறு. ஆனால் சமவெளி மக்களுக்கு வந்தபோதே மலைமடிப்பில் வாழ்வோர்க்கும் வந்துவிட்டது என்று எண்ணலாகாது.

கண்ணுக்கு ஒன்றுமில்லாத வானொலி, பெயரைப் பாட்டாக்கிக் காதில் பதித்தது. பாட்டு நினைவிருக்கும், காரணம் நினைவிராது. துணி விற்போர்க்கு அது அவ்வளவு உதவவில்லை என்பதும் உண்மை. சேலையின் நிறத்தைப் பாட்டில் காட்டுவது எங்ஙனம்? 1953இல் கைத்தறித் துணி தேங்கி நெசவாளர் பட்டினி கிடந்தபோது, அண்ணா முதலிய தலைவர்கள் துணியைத் தோளில் போட்டுத் தெருவில் இறங்கி விற்றார்கள். எந்த யந்திரமும் இல்லாத, மிகப் பழைய முறை. ஆனால் துணி கண்முன் இருந்தது, கையால் தொடலாம்.

காப்பிக்கு வருவோம். சேர்வராயன் மலையில் காப்பி 1820களில், சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் வந்ததென்பர். ஆயினும் அதனைத் தாமே விற்கும் பழக்கம் நம் விளைவிப்போருக்குப் புதிது. ஏன்? 1930களில் உலகச் சந்தை சரிந்தபோது, உள்நாட்டில் காப்பி குடிப்போரைப் பெருக்க வரிப்பணத்தில் ஒரு குழு அமைந்தது. 1936இல் பம்பாயில் இந்தியக் காப்பி இல்லம் திறந்தது. அதுவும் ஒரு விளம்பரமே. பலகைக்குப் பதில் கோப்பை. போர்க்காலத்தில் ஏற்றுமதி அடைபட்டதும், விளைந்த காப்பி முழுவதையும் பொதுத்தொகுப்பில் சேர்க்கவேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. 1942 சட்டத்தின்கீழ்க் காப்பி வாரியம் அதனை நடத்தியது. உங்கள் காப்பியும் அடுத்தவர் காப்பியும் ஒரே குவியல். பெயருமில்லை, ஊருமில்லை, விளம்பரமும் வேண்டியதில்லை. 1990களில் இக்கட்டு படிப்படியாகத் தளர்ந்து 1996இல் முற்றும் நீங்கியது. அரை நூற்றாண்டு காலம் விற்கும் கவலையில்லாதிருந்தவர் ஒருநாள் காலையில் வியாபாரியாக எழுந்திருக்க நேர்ந்தது. அதன்பின் 2019இல் குடகு, வயநாடு, சிக்கமகளூரு, அரக்கு, பாபாபுதன்கிரி ஆகிய ஐந்து ஊர்க் காப்பிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வரிசையில் சேர்வராயன் பெயர் இல்லை. இதை வருத்தத்தோடு குறிக்கிறோம்.

இக்காலக் கருவிகளுக்கு வந்துவிட்டோம். ஃபிளெக்ஸ் என்பது நெகிழித் துணியில் கணினி வழியே மை தூவி அச்சிடுவது. 2000களில் இது மலிந்தவுடன், கித்தானில் தூரிகையால் எழுதிய பலகை ஓவியர்கள் வேலையிழந்தனர். முன்பு ஒரு பலகை எழுத நாட்கள் ஆகும், செலவும் மிகும், ஆகவே யோசித்து வைப்பார்கள். இப்போது ஒரு மணிநேரத்தில் கிடைப்பதால் யோசிக்க நேரமில்லை. காதணி விழாவுக்கும் பலகை, இரங்கலுக்கும் பலகை. எல்லோரும் வைத்தபின் எவர் பலகையையும் எவரும் படிப்பதில்லை. 2019 செப்டம்பரில் சென்னையில் இத்தகைய ஒன்று விழுந்து ஓர் இளம்பெண் உயிரிழந்த கொடுமையை நாடே அறியும்.

கைபேசி விளம்பரம் முற்றிலும் வேறு வகை. இணையப் பக்கத்தில் பட்டை விளம்பரம் 1994இல் வந்தது. 2000த்தின் தொடக்கத்திலிருந்து, தேடுகிற சொல்லுக்கே விலை வைக்கும் முறை பரவிற்று. ஒருவர் ‘காப்பித் தூள்’ என்று தட்டிய கணத்தில், கண்ணிமைக்குமுன் ஓர் ஏலம் நடைபெறுகிறது. அச்சொல்லுக்கு எவர் எவ்வளவு தருவார், எவர் விளம்பரத்தை மக்கள் விரும்பித் தொடுகின்றனர் என்று கணக்கிட்டு, வென்றவரின் விளம்பரம் திரையில் தோன்றுகிறது. பெரும்பாலும் தொட்டால்தான் காசு. நூறு ரூபாய்க்கும் விளம்பரம் செய்யலாம். எத்தனை பேர் பார்த்தனர், எவ்வூரார், வாங்கினரா என்பதும் தெரியும். தமுக்கு முதல் தொலைக்காட்சி வரை எந்த விளம்பரக்காரனும் அறியாத விவரம் இது. இதற்குரிய விலை யாதெனில், முன்பு நாம் விளம்பரத்தைப் பார்த்தோம். இப்போது விளம்பரம் நம்மைப் பார்க்கிறது. நாம் எதைத் தேடினோம், எங்கே நின்றோம் என்ற குறிப்புகளே அந்த ஏலத்தின் சரக்கு. மேலும், பெரும் வியாபாரிகள் ஏலத்தை ஏற்றிவிட்டால் சிறு சங்கம் பின்னுக்குத் தள்ளப்படும். ‘காப்பித் தூள்’ என்ற பொதுச்சொல்லை விட்டு, ‘ஏற்காடு மிளகு’ போன்ற குறுகிய சொல்லைப் பிடிப்பதே சிறியோர்க்குத் தகும்.

நெசவாளர் இங்கே தனி எச்சரிக்கையுடனிருக்க வேண்டும். கைபேசிப் படத்தில் கைத்தறிச் சேலையும் விசைத்தறிச் சேலையும் ஒன்றுபோலவே பளபளக்கும். சில ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டம் படத்தை எட்டிப் பார்ப்பதில்லை. விரலால் தடவி அறிவதைக் கண்ணாடித்திரை சுமக்காது. அக்குறையை நிரப்பவே 2006இல் வந்த கைத்தறி முத்திரை போன்ற அடையாளங்கள் பயன்படுகின்றன. விற்பனைக்குப் படமெடுக்கும்போது சேலையின் முழுத்தோற்றத்தை மட்டுமன்றி, ஊடுபாவு தெரியும்படி ஓர் அண்மைப்படமும், முத்திரையும், தறியில் அமர்ந்த நெசவாளரின் படமும் சேர்க்குமாறு சங்கச் செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

வெள்ளக்கடைப் பக்கத்துச் சங்கத்துக்குத் திரும்புவோம். தை மாதத்தில் கூடிய பொதுக்குழுவுக்கு நம்மையும் அழைத்திருந்தனர். பலகையைப் புதுப்பிக்க ஒரு தீர்மானம் முன்வைக்கப்பட்டது. “பலகை இல்லாவிட்டால் நம் சங்கம் இருப்பதே யாருக்குத் தெரியும்?” என்றார் ஒருவர். “பலகை இருந்தபோது யாருக்குத் தெரிந்தது, மாமா?” என்று பின்வரிசையிலிருந்து ஓர் இளம் அங்கத்தினர் கேட்டார். அந்தப் பெண் கல்லூரியில் படித்தவர். பொட்டலங்களில் விலாசம்கூட இல்லை, வாங்கியவர் மறுமுறை எப்படிக் கேட்பார் என்பது அவர் வாதம். மான்செஸ்டர் சீட்டின் கதையை நாம் சொன்னது அப்போதுதான். நீண்ட விவாதத்துக்குப்பின் பலகைத் தீர்மானம் கைவிடப்பட்டது. அதில் மூன்றிலொரு பங்குத் தொகைக்குப் பொட்டலத்தில் ஒட்டும் சீட்டு அச்சிடுவதென்றும், அதில் சங்கத்தின் பெயர், வாட்ஸ்ஆப் எண், பணம் செலுத்தும் கியூஆர் கட்டம் மூன்றும் இருக்கவேண்டும் என்றும் முடிவாயிற்று. மே மாதத்தில் ஏற்காட்டில் நடைபெறும் கோடை விழாவிலும் மலர்க்காட்சியிலும் வருவோர்க்குச் சிறு கோப்பையில் காப்பி கொடுத்து, இரண்டு கரண்டித் தூள் அடங்கிய மாதிரிப் பொட்டலத்தையும் கையில் கொடுப்பதென்றும் தீர்மானித்தனர்.

ஆடியில் மறுபடியும் சென்றோம். பொட்டலத்தைப் பார்த்துக் கேட்டு எழுதுவோர் இருக்கிறார்கள். பெருந்தொகை என்று சொல்லுவதற்கில்லை. ஆனால் ஒருமுறை வாங்கியோர் சிலர் மறுமுறையும் கேட்டிருப்பதைக் கேட்புப் பதிவேட்டில் கண்டோம். இடையூறு வேறிடத்தில் இருக்கிறது. பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் அப்பெண்ணின் வீடு சரிவின் மறைவில் உள்ளது; அங்கே கைபேசிக் குறி எட்டுவதில்லை. அன்றாடம் மாலையில் மேட்டுப் பாறைவரை ஏறி, வந்த கேட்புகளைக் குறித்துக்கொண்டு இறங்கி, மறுநாள் தபாலுக்குக் கட்டு கட்டுகிறார். மழை வலுத்த நாட்களில் போக இயலவில்லை. அந்நாட்களில் கேட்டவர்களில் மூவர் விடையின்றிச் சலித்து விலகிவிட்டனர். சங்கக் கட்டடத்துக்குக் கம்பிவழி இணைப்பு பெறுவதற்கு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறார்கள். பலகைகளைத் தாங்கிய இரும்புக் கம்பங்களைப் பெயர்த்துவந்து காப்பி உலர்த்தும் களத்துக்குக் கூரைக்கால்களாக நட்டுவிட்டனர். அவற்றை விளம்பரச் செலவிலிருந்து தளவாடச் சொத்துக்கு மாற்றிப் பதிவேட்டில் எழுதும்படி குறிப்பு வைத்துவந்திருக்கிறோம்.